பெருந்தொற்றும் பரிசோதனைக் கட்டணமும்: விலை வெளிப்பட்ட வரலாறு

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியாவில் தனியார் ஆய்வகங்களில் கொரோனாப் பரிசோதனைக்கு வாங்கத்தக்க அதிகபட்சக் கட்டணம் 4,500 ரூபாய். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிரத்தில் அதே பரிசோதனைக்கு அரசு விதித்த உச்சவரம்பு 350 ரூபாய். இருபத்தொரு மாதங்களில் கட்டணம் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. எடுத்த மாதிரி அதே மூக்குச் சளியும் தொண்டைச் சளியும்தான். செய்த முறையும் அதே ஆர்டி-பிசிஆர் முறைதான்.

கட்டணம் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் வரலாற்று மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பரிசோதனைக்கு உண்மையில் ஆகும் செலவு எப்போது குறைந்தது? மக்களிடம் வாங்கிய கட்டணம் எப்போது குறைந்தது? இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் கூடுதலாகப் பணம் கட்டியவர்கள் நோயாளிகளே. அந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது, அதைக் குறைக்க அரசுகளும் நீதிமன்றங்களும் என்ன செய்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் நடந்தவையே இதன் மையப் பொருள். வேறொரு வழியில் சென்ற அமெரிக்காவின் அனுபவம் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டுள்ளது.

பரிசோதனைக் கட்டணத்தில் அடங்கியவை

கட்டணம் என்பது ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் அதற்குள் பல செலவுகள் உள்ளன. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி, மாதிரி கெடாமல் கொண்டுசெல்ல உதவும் திரவம் நிரம்பிய குழாய், குளிர்பெட்டி, போக்குவரத்து ஆகியவை முதல் கட்டச் செலவுகள். ஆய்வகத்துக்கு வந்தபின் மாதிரியிலிருந்து வைரசின் ஆர்.என்.ஏ.-வைப் பிரித்தெடுக்க ஒரு வேதிப்பொருள் தொகுப்பு தேவை. அந்த ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக மாற்றி, பல மடங்காகப் பெருக்கிக் கண்டறிய இன்னொரு தொகுப்பு தேவை. இதைத்தான் பொதுவாக 'கிட்' என்கிறோம். இவற்றோடு பிசிஆர் இயந்திரத்தின் தேய்மானம், பணியாளர் ஊதியம், பாதுகாப்பு உடை, மின்சாரம், முடிவுகளை அரசு இணையதளத்தில் பதிவேற்றும் வேலை, வரி, இறுதியாக ஆய்வகத்தின் இலாபம் ஆகியவையும் சேரும்.

இவற்றில் சில செலவுகள் எத்தனை மாதிரிகள் வந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. நாளொன்றுக்கு இருபது மாதிரிகளைப் பார்க்கும் ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு ஆகும் செலவும், ஆயிரம் மாதிரிகளைப் பார்க்கும் ஆய்வகத்தில் ஆகும் செலவும் ஒன்றாக இரா. கிட் இறக்குமதியானால் ஒரு விலை, உள்நாட்டில் செய்தால் வேறு விலை. ஆகவே பெருந்தொற்றுக் காலத்தில் பரிசோதனையின் அடக்கவிலை மாதத்துக்கு மாதம் மாறுவது இயல்பே. அந்த மாற்றத்தை அறியும் வழி பொதுமக்களுக்கு இருந்ததா என்பதே கேள்வி.

கொரோனாவுக்கு முன்

மருத்துவக் கட்டணத்தை வெளியே எழுதிவைக்க வேண்டும் என்ற கருத்து கொரோனாவோடு பிறந்ததன்று. நடுவண் அரசு 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 2012-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 9-ஆவது விதி, ஒவ்வொரு மருத்துவ நிறுவனமும் தான் அளிக்கும் சேவைகளுக்கான கட்டணத்தை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. மாநிலங்களோடு கலந்து நடுவண் அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள் கட்டணம் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது.

ஆனால் நல்வாழ்வுத் துறை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலச் சட்டமன்றம் ஏற்றால்தான் இச்சட்டம் அங்கே செல்லும். சில மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் ஏற்றன. பல மாநிலங்கள் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலிருந்தே தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் உண்டு. ஆக, நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விதி என்று எதுவும் 2020-இல் நடைமுறையில் இல்லை.

கொள்ளைநோய் வரும்போது மட்டும் அரசுகள் விழித்துக்கொண்டு தனித்தனி ஆணைகள் இட்டன. 2015-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பன்றிக்காய்ச்சல் பரவியபோது தில்லி அரசு அதற்கான பரிசோதனைக் கட்டணத்துக்கு 4,500 ரூபாய் என வரம்பு கட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் டெங்கு பரவியபோது டெங்குப் பரிசோதனைக்கு 600 ரூபாய், இரத்தத் தட்டணு எண்ணிக்கைக்கு 50 ரூபாய் என்று அறிவித்தது. காய்ச்சல் தணிந்ததும் பேச்சும் தணிந்தது. அந்த வரம்புகள் எந்தக் கணக்கின்படி வந்தன என்பது மக்களின் விவாதத்துக்கு வரவில்லை.

4,500 ரூபாய்

இந்தியாவில் முதல் கொரோனாத் தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் உறுதியானது. தொடக்கத்தில் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனமும் சில அரசு ஆய்வகங்களும் மட்டுமே பரிசோதித்தன. தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் அப்பணியைத் தொடங்கியது. அரசு ஆய்வகங்களில் கட்டணம் இல்லை.

தொற்று பெருகியதும் தனியார் ஆய்வகங்களின் துணை தேவைப்பட்டது. மார்ச் 21 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தனியார் ஆய்வகங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு மாதிரிக்கான கட்டணம் 4,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதில் முதற்கட்டப் பரிசோதனைக்கு 1,500 ரூபாயும், உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு 3,000 ரூபாயும் அடங்கலாம் என்று அது கூறியது. இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ செய்யுமாறும் கேட்டுக்கொண்டது.

இதன் சுமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 18,000 ரூபாய். ஊரடங்கால் வேலையிழந்த குடும்பத்தில் இத்தொகை எங்கிருந்து வரும்? கட்டணத்துக்கு அஞ்சி ஒருவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவரோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கும், பால் வாங்கும் கடைக்கும், பயணம் செய்யும் பேருந்துக்கும் தொற்று செல்லும். பெருந்தொற்றுக் காலத்தில் பரிசோதனைக் கட்டணம் பொதுக் கவலையாக மாறுவது இதனால்தான்.

ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களிலும் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. செலவை யார் ஏற்பது என்று தனியார் ஆய்வகங்கள் கேட்டன. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று, நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்தியது. ஆயுஷ்மான் பாரத் திட்டப் பயனாளிகளுக்கும், அரசு அறிவிக்கும் நலிந்த பிரிவினருக்கும் மட்டும் தனியார் ஆய்வகங்களில் இலவசம் என்றும், கட்டணம் செலுத்த இயன்றவர்களிடம் ஐ.சி.எம்.ஆர். நிர்ணயித்த கட்டணத்தை வாங்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

இந்த வழக்கில் விவாதம் 'யார் கட்டுவது' என்பதைச் சுற்றியே நடந்தது. 4,500 ரூபாய் என்ற எண் எப்படி வந்தது என்ற கேள்வி பின்னுக்குச் சென்றுவிட்டது. அதற்கு விடையின் ஒரு பகுதி, எதிர்பாராத வேறொரு வழக்கின் வழியே அதே மாதத்தில் வெளிவந்தது.

245 ரூபாய் வெளிவந்த கதை

ஏப்ரலில் சீனாவிலிருந்து துரிதப் பரிசோதனைக் கருவிகள் இறக்குமதியாயின. 'ரேபிட் கிட்' என்று செய்தித்தாள்கள் எழுதிய இவை ஆர்டி-பிசிஆர் முறையைச் சேர்ந்தவை அல்ல. இரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்ப்பவை. ஐ.சி.எம்.ஆர். இவற்றை ஒன்று 600 ரூபாய் என்ற விலைக்கு ஏற்பாடு செய்திருந்தது. தமிழ்நாடு அரசும் தனியாக இதே விலைக்கு ஆணை கொடுத்து, 24,000 கருவிகளைப் பெற்றிருந்தது. அதே நாள்களில் சத்தீஸ்கர் அரசு, தென்கொரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து 337 ரூபாயும் வரியும் கொடுத்துத் துரிதக் கருவிகளை வாங்குவதாக அதன் நல்வாழ்வுத் துறை அமைச்சர் வெளிப்படையாக அறிவித்தார். அங்கே 337, இங்கே 600 ஏன் என்ற கேள்வி தமிழ்நாட்டில் அரசியல் விவாதமாயிற்று.

இதற்கிடையே சீனக் கருவிகளை இறக்குமதி செய்த நிறுவனத்துக்கும் அவற்றை இந்தியாவில் விற்கும் உரிமை பெற்ற விநியோக நிறுவனத்துக்கும் பணம் தொடர்பாகச் சச்சரவு மூண்டது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வணிக வழக்கில் கணக்கைக் காட்டியாக வேண்டும். அப்போதுதான் கருவி ஒன்று இந்தியாவில் வந்து இறங்கிய விலை, போக்குவரத்து உட்பட, 245 ரூபாய் மட்டுமே என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 245 ரூபாய்க்கு இறங்கிய கருவி அரசுக்கு 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது.

நீதிமன்றம் பொதுநலனைக் கருதி, வரி உட்பட ஒரு கருவியின் விலை 400 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஏப்ரல் இறுதியில் ஆணையிட்டது. 245 ரூபாய்க்கு மேல் 155 ரூபாய் போதுமானது என்பது அதன் முடிவு.

இதே நேரத்தில் இக்கருவிகளின் முடிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்று மாநிலங்கள் புகார் கூறின. ஏப்ரல் 27 அன்று ஐ.சி.எம்.ஆர். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் திருப்பியனுப்புமாறும் அறிவித்தது. பணம் எதுவும் முன்கூட்டிக் கொடுக்கப்படவில்லை, அரசுக்கு ஒரு ரூபாயும் இழப்பில்லை என்று நடுவண் அரசு விளக்கியது. தமிழ்நாடு அரசும் கருவிகளைத் திருப்பிவிட்டதாகக் கூறியது.

அந்த விளக்கத்தில் மற்றொரு செய்தியும் இருந்தது. கொள்முதலுக்காக ஐ.சி.எம்.ஆர். ஏற்றுக்கொண்ட விலை வரம்பு, துரிதக் கருவிக்கு 528 முதல் 795 ரூபாய் வரை. ஆர்டி-பிசிஆர் கிட்டுக்கு 740 முதல் 1,150 ரூபாய் வரை. இந்த இரண்டாவது எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். பொதுமக்கள் 4,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் கிட்டுக்கான அரசின் கொள்முதல் வரம்பு 1,150 ரூபாய்க்குள் இருந்தது. எஞ்சிய 3,350 ரூபாயும் இலாபம் என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்பு உடை, ஆள், இயந்திரம், போக்குவரத்து எல்லாம் அதில் உண்டு. அன்றைய நிலையில் அவை விலையேறியும் இருந்தன. ஆனால் அந்த 3,350 ரூபாய் எப்படிப் பிரிந்தது என்று காட்டும் பட்டியல் நோயாளியின் கைக்கு வரவில்லை. கிட்டின் விலையும்கூட, ஒரு சச்சரவும் அதையொட்டிய விளக்கமும் இல்லாதிருந்தால் மக்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மாநிலந்தோறும் ஒரு விலை

மே 25 அன்று ஐ.சி.எம்.ஆர். மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்குக் கடிதம் எழுதியது. உள்நாட்டுக் கருவிகள் கிடைக்கத் தொடங்கிவிட்டன, விலையும் குறைந்துவருகிறது, எனவே 4,500 ரூபாய் வரம்பு இனி பொருந்தாது. மாநிலங்களே ஆய்வகங்களோடு பேசிக் கட்டணத்தை முடிவுசெய்யலாம் என்பது அதன் சாரம். புனேயைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றின் உள்நாட்டு ஆர்டி-பிசிஆர் கிட்டுக்கு மார்ச் மாதத்திலேயே அனுமதி கிடைத்திருந்தது. ஏப்ரல் 9 முதல் பரிசோதனைக் கருவிகளுக்கான சுங்க வரியும் தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தது. ஐந்து மாதிரிகள் வரை ஒன்றாகக் கலந்து பரிசோதிக்கும் குழுமுறைக்கும் ஏப்ரலில் வழிகாட்டுதல் வந்திருந்தது. அடக்கவிலை குறையக் காரணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

தமிழ்நாடு ஜூன் மாதத் தொடக்கத்தில் கட்டணத்தை 3,000 ரூபாயாகக் குறைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு 2,500 ரூபாய். வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்தால் கூடுதலாக 500 ரூபாய். மகாராஷ்டிரம் ஜூன் 13 அன்று 2,200 ரூபாய் என்றது. தில்லி ஜூன் மூன்றாம் வாரத்தில் 2,400 ரூபாய் என்றது. ஒரே நாட்டில் ஓரிடத்தில் 2,200, இன்னோரிடத்தில் 4,500 என்று வேறுபடுவதை உச்ச நீதிமன்றமும் ஜூன் 19 அன்று சுட்டிக்காட்டி, சீரான கட்டணம் குறித்து நடுவண் அரசு முடிவெடுக்க வேண்டும் என்றது.

மகாராஷ்டிர அரசு அதன்பின் அடிக்கடி கட்டணத்தைத் திருத்தியது. ஆய்வகத்துக்கோ மாதிரி சேகரிப்பு மையத்துக்கோ நேரில் செல்பவருக்கான அதன் வரம்புகள் இவை:

- 2020 ஜூன்: 2,200 ரூபாய்
- 2020 செப்டம்பர்: 1,200 ரூபாய்
- 2020 அக்டோபர்: 980 ரூபாய்
- 2020 டிசம்பர்: 700 ரூபாய்
- 2021 மார்ச் இறுதி: 500 ரூபாய்
- 2021 டிசம்பர்: 350 ரூபாய்

நேரில் சென்றால் ஒன்று, மருத்துவமனையிலோ தனிமை மையத்திலோ எடுத்தால் ஒன்று, வீட்டுக்கு வந்தால் ஒன்று என மூன்று படிகளாகக் கட்டணம் அமைந்தது. இதனால் வீட்டுக்கு வந்து எடுப்பதற்கு எவ்வளவு கூடுதல் என்பதையாவது மக்கள் அறிந்தனர்.

தில்லியில் 2,400 ரூபாய்க் கட்டணம் நவம்பர் 30 வரை நீடித்தது. அன்று அது ஒரேயடியாக 800 ரூபாயாக இறக்கப்பட்டது. அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேலாக, மும்பையில் 980 ரூபாய்க்கு நடந்த பரிசோதனைக்குத் தில்லிவாசி 2,400 ரூபாய் வரை கட்ட வேண்டியிருந்தது. ஒடிசா 2020 டிசம்பரில் 400 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் அலை எழுந்த 2021 ஏப்ரலிலும் இதே நிலைதான். மகாராஷ்டிரத்தில் 500, தமிழ்நாட்டில் 1,200, கேரளத்தில் 1,700. முன்பு சொன்ன நான்கு பேர் குடும்பத்துக்கு முறையே 2,000, 4,800, 6,800 ரூபாய்.

கேரளம் ஏப்ரல் 30 அன்று 1,700 ரூபாயை 500 ஆகக் குறைத்தது. தனியார் ஆய்வகங்கள் கட்டுப்படியாகாது என்று உயர் நீதிமன்றத்தை அணுகின. சந்தையில் விசாரித்ததில் பொருள்களின் செலவு மிகக் குறைவே என்று அரசு வாதிட்டது. நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதிக்க மறுத்தது. ஆனால் அக்டோபரில், ஆய்வகங்களின் தரப்பையும் கேட்டுக் கட்டணத்தை மீண்டும் முடிவுசெய்யுமாறு அரசைப் பணித்தது. தமிழ்நாடு மே மாதத்தில் 1,200 ரூபாயை 900 ஆகவும், காப்பீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு 800 ரூபாயை 550 ஆகவும், குழுமாதிரிக்கு 400 ஆகவும் குறைத்தது. வீட்டுக்கு வந்தால் கூடுதலாக 300 ரூபாய்.

இம்மாநிலங்களில் கிட் விற்கும் நிறுவனங்களும் பரிசோதிக்கும் இயந்திரங்களும் பெரும்பாலும் ஒரே வகையினவே. ஊதியமும் போக்குவரத்தும் ஓரளவு வேறுபடலாம். மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு வர அவை போதா. அடக்கவிலை குறைந்த செய்தி ஒரு மாநிலத்தின் ஆணையில் ஏறி, இன்னொரு மாநிலத்தின் ஆணையில் ஏற எடுத்துக்கொண்ட காலமே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் எனலாம்.

அமெரிக்கா: விலையை எழுதிவைக்கச் சொன்ன சட்டம்

இந்தியா வரம்பு கட்டியபோது ஐக்கிய அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 2020 மார்ச் 18 அன்று கையெழுத்தான சட்டம், கொரோனாப் பரிசோதனைக்கு நோயாளியிடம் பங்குத்தொகை வாங்காமல் காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்க வேண்டும் என்றது. மார்ச் 27 அன்று வந்த, 'கேர்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தின் 3202-ஆம் பிரிவு விலையைப் பற்றியது. பரிசோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ரொக்க விலையைப் பொது இணையதளத்தில் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் நாளொன்றுக்கு 300 டாலர் வரை அபராதம். ஆய்வகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே முன்பே ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்த விலை; இல்லையென்றால் இணையதளத்தில் எழுதியிருக்கும் விலையை, அல்லது பேசிக் குறைத்த விலையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும்.

வெளிப்படைத்தன்மைக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா என்று தோன்றும். நடந்தது வேறு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஒரு பரிசோதனைக்கு முதலில் ஏறத்தாழ 51 டாலரும், ஏப்ரல் 14 முதல் அதிவேக இயந்திரங்களில் செய்யும் பரிசோதனைக்கு 100 டாலரும் கொடுத்தது. ஆனால் 2020-இல் பெரிய மருத்துவமனைகளின் இணையதளங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், வெளியிடப்பட்ட விலைகள் 20 டாலர் முதல் 850 டாலர் வரை இருந்தன. ஒப்பந்தம் இல்லாத சில ஆய்வகங்கள் இன்னும் உயர்ந்த விலையை எழுதிவைத்தன. எழுதியிருந்தால் கிடைக்கும் என்று சட்டமே சொன்னதால் விலையைக் கூட்டி எழுதுவது அவற்றுக்கு ஆதாயமாயிற்று. நோயாளி தன் கையிலிருந்து கட்டவில்லை. ஆகவே அவர் இணையதளத்தைத் திறந்து இரண்டு விலைகளை ஒப்பிடத் தேவையும் எழவில்லை. அந்தச் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் ஏறி, பின்னர் எல்லோருடைய காப்பீட்டுத் தவணையிலும் சேரக்கூடியது.

பொதுச் சுகாதார அவசரநிலை 2023 மே 11 அன்று முடிவுக்கு வந்தபோது இந்த ஏற்பாடும் முடிந்தது.

ஒப்பீடு

இரு நாடுகளும் விலையை வெளிப்படுத்தின என்றே சொல்ல வேண்டும். இந்தியாவில் உச்சவரம்பு செய்தித்தாளில் வந்தது, யாரும் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் ஒவ்வோர் ஆய்வகத்தின் விலையும் இணையத்தில் இருந்தது. இருந்தும் இரண்டு இடங்களிலும் மக்கள் தேவைக்கு மேல் கொடுத்தார்கள். இந்தியாவில் நேரடியாக, அமெரிக்காவில் சுற்றுவழியாக.

காரணம், இரண்டு இடங்களிலும் வெளிப்பட்டது கடைசி எண் மட்டுமே. அந்த எண்ணை ஆக்கிய உட்செலவுகள் மூடியே இருந்தன. கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாத மாணவருக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. விடை தவறாக இருந்தால் எந்தப் படியில் தவறு என்று கண்டுபிடிக்க முடியாது என்பதே காரணம். 4,500 என்பது விடை மட்டுமே. 245 என்ற எண் வெளியே வந்த பிறகுதான் நீதிமன்றத்தால் 400 என்று சொல்ல முடிந்தது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. எல்லாச் செலவையும் வெளியிடச் சொன்னால் ஆய்வகங்களின் வணிக இரகசியம் போய்விடாதா? வரம்பை மிகவும் இறக்கினால் சிறிய ஊர் ஆய்வகங்கள் பரிசோதனையை நிறுத்திவிடாவா? இரண்டும் நியாயமான கேள்விகள். மாதிரிகள் குறைவாக வரும் சிற்றூர் ஆய்வகத்துக்கும் பெருநகர ஆய்வகத்துக்கும் ஒரே வரம்பு விதிப்பது பொருந்தாமல் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காணவும் செலவுப் பட்டியல்தான் வேண்டும். கேரள வழக்கில் அரசு ஒரு கணக்கையும் ஆய்வகங்கள் ஒரு கணக்கையும் சொன்னன. இரு தரப்பும் ஏற்கும் பொதுக் கணக்கு ஒன்று முன்பே இருந்திருந்தால் வழக்கு அத்தனை மாதம் நீண்டிருக்காது. ஒவ்வோர் ஆய்வகத்தின் பேரேட்டையும் திறக்க வேண்டியதில்லை. அரசு தான் வாங்கும் கிட்டின் விலை, ஆர்.என்.ஏ. பிரிப்புப் பொருளின் விலை, குழாயின் விலை ஆகியவற்றை மாதந்தோறும் வெளியிட்டாலே போதும். தில்லி 980 ரூபாயைப் பார்த்து விழிக்க ஒரு மாதம் ஆகியிராது.

பெருந்தொற்றுக்குப் பின்

அவசரநிலை முடிந்தபின் மருத்துவக் கட்டணம் பற்றிய பேச்சு மீண்டும் 2012-ஆம் ஆண்டின் 9-ஆவது விதிக்கே வந்து நிற்கிறது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த விதி சொல்லும் கட்டண வரம்பை இத்தனை ஆண்டுகளாக ஏன் நிர்ணயிக்கவில்லை என்று நடுவண் அரசைக் கேட்டது. மாநிலங்கள் ஒத்துழைக்கவில்லை என்பது அரசின் விளக்கம். மாநிலங்களோடு பேசி முடிவெடுக்காவிட்டால், நடுவண் அரசு ஊழியர் நலத் திட்டத்தின் கட்டணங்களை இடைக்காலமாக எல்லோருக்கும் நடைமுறைப்படுத்துவது பற்றி யோசிக்க நேரும் என்று நீதிமன்றம் எச்சரித்தது.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு களப்பணி செய்யலாம். உங்கள் ஊரில் மூன்று ஆய்வகங்களுக்குச் சென்று, சர்க்கரைப் பரிசோதனைக்கும் முழு இரத்த அணுப் பரிசோதனைக்கும் என்ன கட்டணம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணப் பலகை இருக்கிறதா, எங்கே மாட்டியிருக்கிறது, தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் பரிசோதனைக் கட்டணமும், வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்த கட்டணமும் தனித்தனியே உள்ளனவா, அல்லது எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டனவா என்பதையும் கவனியுங்கள். பிறகு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அதே பரிசோதனைகள் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.